கோட்டைவாசலில் ஆவுடை

புரட்டாசி 12, ஞாயிறு

சுண்டு, உன் சிநேகிதி ஜன்னத் இன்றைக்கு வந்திருந்தாள். மேலப்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து, கோவில்பட்டியில் இறங்கி, மாவுக்கார ஆவுடையம்மாள் வீடு எது என்று தெருத்தெருவாகக் கேட்டு வந்து சேர்ந்திருக்கிறாள். நான் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே, "யம்மா, நான்தான் ஜன்னத்து" என்றாள். நீ பேசுகிற பேச்சைக் கேட்டு அவள் நெட்டையாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். உன்னைவிடக் கட்டை.

உள்ளே வந்தவள் உன் போட்டோவைப் பார்க்கவில்லை. நேரே உன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். நான் தண்ணீர் மோந்து கொடுத்தேன். நான் அழவில்லை.

"அது ஓடுதாம்மா?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும் தாயி? தூசி மட்டும் துடைக்கேன். சுவிட்சத் தொடல."

"நான் போடட்டுமா?"

ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, போடு என்றேன்.

சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் காதில் மாட்டிக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசுவாயே, அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது இவளும் இன்னும் இரண்டு பையன்களுமாம். ஆறு வருசமாக நாலு பேருக்கும் ஒரே விளையாட்டு. ஆளுக்கு ஒரு உருவம் வைத்துக்கொண்டு, படை மாதிரி சேர்ந்து, ஊர் ஊராக நடப்பது. அந்த விளையாட்டைச் செய்கிற கம்பெனி கதையை முடிக்காமல் வருசா வருசம் நீட்டிக்கொண்டே போகுமாம். நாலு பேருக்கும் நீதான் தலைவி என்றாள். என்னிடம் சொல்லவே இல்லையே.

திரையில் வெளிச்சம் வந்தது. ஒரு தீ எரிந்தது. அதன் பக்கத்தில் கேடயம் பிடித்து ஒரு பொம்பளை நின்றாள். சரிந்த கொண்டை. இரண்டு பக்கமும் மூக்குத்தி. மூச்சு விடுகிற மாதிரி தோள் ஏறி இறங்கியது.

"இது யாரு தாயி?"

"ஒங்க சங்கரியோட ஆளும்மா. ஆவுடை."

"எம் பேருல்லா அது?"

"ஒங்க பேருதான். ஒங்க மூக்குத்திதான். அந்த மூக்குத்தி சரியா வரலன்னு ஒரு நாள் பூரா எங்கள நிப்பாட்டி வச்சிட்டாம்மா."

அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

புரட்டாசி 13, திங்கள்

உன் ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி எழுதாமல் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவது படித்தவள். தப்பு இருந்தால் சிரிக்காதே. மாவு வாங்க வருகிறவர்களிடம் உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் தூக்குச்சட்டியை நீட்டி, "அரை கிலோ போதும்க்கா" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நல்லா இருந்த பிள்ளை, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போன பிள்ளை, திடீரென்று விழுந்து போனாள் என்றால் கேட்கிறவர்களுக்கும் பயமாகத்தானே இருக்கும்.

புரட்டாசி 15, புதன்

சரஸ்வதி பூஜை. தெரு முழுக்கப் பொரியும் கடலையும். துக்க வீடு என்று நான் ஒன்றும் செய்யவில்லை. கிரைண்டருக்குப் பொட்டு வைக்கவில்லை. தராசுக்கும் வைக்கவில்லை.

சாயந்தரம் தங்கபுஷ்பம் மதினி வந்தாள். வந்தவள் கண் எங்கே போகும்? உன் கம்ப்யூட்டருக்குத்தான்.

"என்ன ஆவுட, சோறு போடுத கிரைண்டரு மொட்டையா நிக்கி. இந்தப் பெட்டிக்கு மட்டும் சந்தனமும் குங்குமமும்!"

"கை போன போக்குல வச்சிட்டேன் மதினி."

"சும்மா தூங்குததுக்கு எம் மவனுக்குக் குடேன். காலேஜுக்கு வேணுங்கான். புள்ளயே போயிட்டா, பெட்டிய வச்சி என்ன செய்யப் போற? நீயா அதுல தட்டப் போற?"

"ஏன், நான் தட்டுனா தட்டாதா?" என்று கேட்டுவிட்டேன்.

மதினி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

புரட்டாசி 19, ஞாயிறு

ஜன்னத் திரும்பவும் வந்தாள். நான்தான் வரச் சொன்னேன். நடக்க ஒரு பட்டன், திரும்ப ஒரு பட்டன், உட்கார ஒன்று, சாப்பிட ஒன்று, சாமானைக் கொடுக்க ஒன்று. பட்டன் மேலெல்லாம் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் கொடுத்தாள். சிவப்பு நடக்க. பச்சை திரும்ப. அப்படி.

ஆவுடையை முதன்முதலில் நான் நடத்தினேன். சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றாள். காதுக்குள்ளே இரண்டு பையன்கள் சிரித்தார்கள்.

"ஆண்ட்டி, வணக்கம். பசியாறிட்டீங்களா?" என்றது ஒரு குரல். அது மலேசியா, ஈப்போவில் இருக்கிற குமரேசன். அங்கே பஸ் ஓட்டுகிறானாம்.

"பஸ் ஓட்டுறவன் சிரிக்கான் பாத்தியா. நீ மொத நாளு ஓட்டும்போது முட்டலியா?" என்றேன்.

"முட்டினேன் ஆண்ட்டி. அது நெசமான சுவரு லா. சம்பளத்துல பிடிச்சிட்டாங்க."

இன்னொருவன் பருத்தித்துறை நிரோஜன். மெதுவாகப் பேசுகிறான். "அம்மா, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றான்.

எனக்கு அந்த விளையாட்டு ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு கொல்லுப்பட்டறைக்கு முன்னால் வந்ததும் நிரோஜன் மட்டும் தூரத்திலேயே நின்றுகொண்டான். என்னப்பா வெட்கமா என்றேன். ஜன்னத் சொன்னாள். மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு சண்டையில் இவன் பிந்தி வந்ததால் அந்தக் கொல்லர் செத்துப்போனாராம். இந்த விளையாட்டில் செத்தவர் செத்தவர்தான். திரும்பி வரமாட்டார். அவர் இல்லாததால் கதையே வேறு பக்கம் திரும்பிவிடும். அன்றிலிருந்து அவர் மகள்தான் பட்டறையைப் பார்க்கிறாள். மற்றவர்களிடம் பேசுவாள். நிரோஜன் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மூன்று வருசமாக.

"கரண்ட் போயிட்டுது அம்மா. அதுதான் பிந்தினனான். அந்தப் பிள்ளைக்கு அதை எப்பிடிச் சொல்லுறது?" என்றான்.

புரட்டாசி 22, புதன்

உளுந்தை ஊறப்போட்டுவிட்டு நானே சுவிட்சைப் போட்டேன். ஆவுடை தீப்பக்கம் நின்றாள். மற்ற மூன்று பேருடைய ஆள்களும் சிலை மாதிரி பக்கத்தில் நின்றார்கள். விளையாடுகிறவர்கள் வேலைக்குப் போய்விட்டால் அவர்களுடைய ஆள் அப்படித்தான் நிற்குமாம்.

ஆவுடைக்குப் பசி என்று மூலையில் ஒரு கிண்ணம் காலியாகக் காட்டியது. மஞ்சள் பொட்டை அமுக்கினேன். உட்கார்ந்து சாப்பிட்டாள். எழுந்தாள். அவ்வளவுதான்.

கொல்லன் மகளைப் பார்க்கப் போனேன். அவள் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. ஆனால் சுவரில் அவள் அப்பாவின் சுத்தியல் தொங்கியது. அந்த ஊரில் செத்துப்போனவரை யாரும் மறக்கச் சொல்லவில்லை சுண்டு. நான் அங்கே ரொம்ப நேரம் நின்றேன். உளுந்து அளவுக்கு மேல் ஊறிவிட்டது.

புரட்டாசி 26, ஞாயிறு

ஜன்னத்துக்கு இன்றைக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. வரவில்லை. பையன்களும் இல்லை.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. உனக்கு முப்பதாம் நாள் கும்பிட்டபோது, உன் சுடிதார், சேலை, கம்மல், குடை எல்லாம் உன் வயசுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். உன்கூட வேலை பார்த்தவர்கள், தெருவில் உள்ளவர்கள் எல்லோருக்கும் ஒவ்வொன்று. போனவர் சாமானை அவரோடு புழங்கினவர்களுக்குக் கொடுத்தால்தான் போனவருக்கும் நிம்மதி என்று அண்ணன் சொன்னார். இந்த மூன்று பேருக்கும் நான் ஒன்றுமே கொடுக்கவில்லையே. ஆறு வருசம் உன்னோடு நடந்தவர்கள்.

ஆவுடையின் பையைத் திறந்து பார்த்தேன். நல்ல நல்ல சாமானாகச் சேர்த்து வைத்திருக்கிறாய். சாமானைக் கொடுக்கிற ஊதாப் பொட்டை அமுக்கினேன். கேடயத்தை ஜன்னத்தின் ஆளுக்குக் கொடுத்தேன். மார்க்கவசத்தை நிரோஜனுக்கு. தோளில் மாட்டிக்கொள்கிற கனத்த போர்வை மாதிரி ஒன்று, அதைக் குமரேசனுக்கு. ஒவ்வொன்றைக் கொடுக்கும்போதும் ஏதோ கேட்டது. கேள்விக்குறி மட்டும் எனக்குத் தெரியும். ஆமாம் என்பது இடதுபக்கம் என்று ஜன்னத் சொல்லியிருக்கிறாள். ஆமாம், ஆமாம், ஆமாம்.

ஆவுடை வெறும் சேலையோடு நின்றாள். பார்க்க என்னை மாதிரியே இருந்தாள். மனசுக்கு நிறைவாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

புரட்டாசி 30, வியாழன்

ஜன்னத் போன் செய்தாள். "யம்மா, கேடயத்தக் குடுத்தீங்களா?" என்றாள்.

"ஆமா தாயி. அவ ஞாபகமா வச்சிக்கோ. மத்த ரெண்டு பேருக்கும் கொடுத்திருக்கேன்."

"நல்லதும்மா" என்று வைத்துவிட்டாள். பிடிக்கவில்லையோ என்னவோ.

ஐப்பசி 2, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. வெடிச்சத்தம். ஜன்னத் வந்து உட்கார்ந்து, பையன்களையும் காதுக்குள் கூப்பிட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு இந்தக் கதையை மூடுகிறார்களாம். புதுக் கதை கோட்டைக்கு அந்தப்புறம். அதற்குள் கோட்டைவாசலைத் தாண்டாதவர்கள் அத்தனை பேரும் அழிந்துபோவார்கள். நாலு பேருடைய ஆறு வருசமும் அதோடு போய்விடும். வாசலில் மேலிருந்து இறங்குகிற கனத்த கதவு. ஒரு ஆள் நின்று அதைத் தூக்கிப் பிடித்தால்தான் மற்றவர்கள் நுழைய முடியும். பிடித்த ஆள் முதுகில் எதிரிகளின் அம்பெல்லாம் வந்து விழும். பிடித்தவர் சாக வேண்டியதுதான். யார் பிடிப்பது என்று தலைவிதான் சொல்ல வேண்டும். தலைவி என்றால் இப்போது நான்.

"எல்லாருக்கும் இப்படித்தானா? ஒருத்தர் செத்தே ஆகணுமா?"

கடைசியில் ஜன்னத்தான் சொன்னாள்.

"சங்கரி ஒரு வழி வச்சிருந்தாம்மா. கேடயம், மார்க்கவசம், போர்வை, மூணும் ஒரே ஒடம்புல இருந்தா அம்பு தாங்கும். கதவப் பிடிச்சி எல்லாரையும் அனுப்பிட்டு, கடைசியா தானும் உள்ள வந்துரலாம். ஒருத்தரும் சாகாம நாலு பேரும் தாண்டணும்னு ரெண்டு வருசமா ஒவ்வொண்ணாத் தேடிச் சேத்தா."

"அதத்தான் நான்..."

"ஒங்களுக்குத் தெரியாதுல்லாம்மா."

"திருப்பிக் கொடுங்க. இப்பவே எங்கிட்ட கொடுங்க."

"பரிசாக் கொடுத்தது ஒட்டிக்கிடும்மா. கழட்ட முடியாது. அதத்தான் அது கேட்டிருக்கும், சம்மதமான்னு."

ஆமாம், ஆமாம், ஆமாம் என்று அமுக்கியது இந்தக் கைதான்.

"அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நான் நிண்டு பிடிக்கிறன்" என்றான் நிரோஜன். "அந்தக் கொல்லன்ர மகளுக்கும் சந்தோசமா இருக்கும்."

"நீ பிடிச்சா வேலைக்கு ஆவுமா? அன்னிக்கும் லேட்டு, இன்னிக்கும் கரண்டு போயிடும் உனக்கு" என்றான் குமரேசன். "நான் பிடிக்கறேன் ஆண்ட்டி. நமக்குக் கதவு திறந்து மூடுறதுதானே பொழப்பு. ஏறுங்க ஏறுங்கன்னு ஏத்தி விட்டுடறேன்."

அழுகையும் சிரிப்புமாக ஜன்னத் மூக்கைத் துடைத்தாள். குமரேசன் விடாமல் பேசினான். "சங்கரி ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்துகிட்டு போன்ல இந்த பிளான் சொன்னாங்க ஆண்ட்டி. டோக்கன் கூப்பிடறாங்கன்னு வச்சிட்டு, மறுபடி வந்து சொன்னாங்க. அவ்ளோ..."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றேன்.

ஜன்னத் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. அண்ணன் வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. மாவில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. அத்தனையையும் கொட்டினேன்.

ஐப்பசி 5, புதன்

ஜன்னத்திடம் போனில் கேட்டேன். எல்லாம் சொல்லு என்றேன். சொன்னாள்.

உன் நெஞ்சில் வால்வு சரியில்லை என்று போன சித்திரைக்கு முந்தைய சித்திரையிலேயே தெரியுமாம். திருநெல்வேலிக் கிளையில் சரக்குக் கணக்கெடுக்கப் போகிறேன் என்று நீ போன செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தானாம். ஜன்னத் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்து வெளியே உட்கார்ந்திருப்பாளாம். ஆபரேசன் செய்யணும் என்றார்களாம். தை மாசம் செய்துகொள்ளலாம் என்று நாள் கேட்டிருந்தாயாம். அதற்குள் ஆவணி வந்துவிட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல தாயி?"

"நான் சண்டையே போட்டேம்மா. எங்க உம்மாகிட்டயாவது சொல்லுதேன், அவங்க வந்து பேசுவாங்கன்னேன். கேக்கல. அம்மாவ முன்னால விட மாட்டேன்னுட்டா."

"அப்படின்னா?"

"வெளையாட்டுலயும் அதயேதாம்மா சொல்லுவா. தலைவி முன்னால நிக்கணும். இவ ஆவுடைய எப்பவும் பின்னாலதான் நிப்பாட்டுவா. எங்க மூணு பேரையும் முன்னால தள்ளி விடுவா. ஏட்டி இது அநியாயம்னா, எங்கம்மா மேல ஒரு அடி விழுந்தா ஒங்கள சும்மா விட மாட்டேம்பா."

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. உன் இட்லித்தட்டை இன்றைக்கு எடுத்துப் பரணில் போட்டேன். பிறகு இறக்கினேன்.

ஐப்பசி 6, வியாழன்

யாரை நிறுத்துவது என்று நான் சொல்லியாக வேண்டும். மூன்று பேரும் போட்டி போடுகிறார்கள். விளையாட்டுத்தான் என்று எனக்கும் தெரியும். ஜன்னத்தின் ஆள் செத்தால் ஜன்னத்துக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. மறுநாள் கண்ணாடிக்கடைக்குப் போவாள். ஆனாலும் நிரோஜன் சாகட்டும் என்று இந்த விரலால் அமுக்க வேண்டுமே. அவனுக்குப் பருத்தித்துறையில் ஒரு அம்மா இருக்கிறாள். மகன் எந்நேரமும் இதையே கட்டிக்கொண்டு அழுகிறானே என்று என்னை மாதிரியே அவளும் திட்டிக்கொண்டிருப்பாள். குமரேசனுக்கும் ஒருத்தி இருப்பாள்.

ஆவுடை பிடிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"யம்மா, யோசிச்சிச் சொல்லுங்க" என்றாள் ஜன்னத். "ஆவுடை போயிட்டா நீங்க அதுக்குள்ள வர முடியாது. சங்கரி செஞ்சதுல மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான். நாங்க வேற ஆளு செஞ்சிக்கிடுவோம். நீங்க என்னத்தச் செய்வீங்க?"

"அவ ஒருத்தரும் சாகக்கூடாதுன்னுல்லா சேத்து வச்சா. நான் அதக் கெடுத்துட்டேன். கெடுத்தவதான் நிக்கணும்."

"நீங்க போறதுக்கா அவ ஆவுடையப் பொத்திப் பொத்தி வச்சிருந்தா?"

பொத்தி வைத்தது போதும் என்றேன்.

"அம்மா, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே? நல்லாத்தான இருக்கீங்க?" என்று ஜன்னத் குரலை மாற்றிக் கேட்டாள். இன்றைக்கு மூன்று தடவை போன் செய்தாள். சாப்பிட்டீங்களா, கதவைச் சாத்தினீங்களா என்று. எதற்கு இந்தப் பிள்ளை இப்படிப் பயப்படுகிறது? கடைசித் தடவை, "எட்டி, நாளைக்கு அரைக்கதுக்கு அரிசி களைஞ்சி போட்டிருக்கேன். அதப் போட்டுட்டு எங்க போவேன்?" என்ற பிறகுதான் விட்டாள்.

ஐப்பசி 8, சனி

இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கப் பழகினேன். வலது கை விரல் மரத்துப்போகிறது. மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "மேளத்துக்குத் தாளம் போடுதியோ?" என்றாள். சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

மத்தியானம் மாவு வியாபாரத்தை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். ஜன்னத் அவள் வீட்டில்தான் இருந்தாள். அவள் ஆளும் வாசலைத் தாண்ட வேண்டும் அல்லவா. அதனால் நான் தனியாகத்தான்.

மலையடிவாரத்தில் கோட்டை. ஆவுடையை நடத்திக்கொண்டு போனேன். இப்போதெல்லாம் சுவரில் முட்டுவதில்லை. மூன்று பேரும் வழி நெடுக என் பக்கத்திலேயே வந்தார்கள். வாசலில் நாலு உருவங்களைக் காட்டி ஒரு கேள்வி வந்தது. சரிந்த கொண்டையின் மேல் வைத்து அமுக்கினேன். சம்மதமா என்று கேட்டது. இந்தத் தடவை என்ன கேட்கிறது என்று தெரிந்துதான் ஆமாம் சொன்னேன்.

ஆவுடை குனிந்து, தோளைக் கொடுத்து, கதவைத் தூக்கினாள்.

"யம்மா, ரெண்டு பட்டனையும் விட்டுராதீங்க. விட்டீங்கன்னா கதவு எங்க மேல விழுந்துரும்" என்றாள் ஜன்னத்.

"நீங்க போங்க. ஓடுங்க."

முதலில் குமரேசன் போனான். "ஏறியாச்சு ஆண்ட்டி, ஏறியாச்சு" என்று கத்தினான். பிறகு நிரோஜன். அம்புகள் வந்து விழுந்தன. ஆவுடையின் தோள் ஒவ்வொரு தடவையும் உதறியது. திரை ஓரமெல்லாம் சிவப்பானது. கடைசியில் ஜன்னத். அவளுடைய ஆள் வாசலுக்குள் போனதும் நின்று திரும்பினாள். உன் கேடயம் அவள் கையில் இருந்தது.

"எட்டி, போ, நிக்காத!"

"யம்மா, ஒரே ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்புங்க. ஒங்க மொகத்தப் பாத்துட்டுப் போறோம்."

"அம்மா, ஒருக்காத் திரும்புங்கோ!"

"ஆண்ட்டி, ஆண்ட்டி..."

மூன்று பேரும் கூப்பிட்டார்கள். திரும்புகிற பச்சைப் பொட்டு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதை அமுக்க வேண்டும் என்றால் ஒரு விரலை எடுக்க வேண்டும். ஜன்னத் இன்னும் கதவுக்கு அடியிலேயே நின்றாள். நான் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முழுக்க உள்ளே போகிறவரைக்கும் பிடித்திருந்தேன்.

கதவு இறங்கியது. இருட்டு. எழுத்து வந்தது. அதில் என் பேர் மட்டும் எழுத்துக்கூட்டித் தெரிந்தது. அப்புறம் எந்தப் பொட்டை அமுக்கினாலும் ஒன்றும் அசையவில்லை.

விரலை எடுக்க வெகுநேரம் ஆனது. பிறகுதான் அழுதேன். உன்னை எடுத்த அன்றைக்கும் நான் அழவில்லை என்று ஊரே பேசியது. இன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

ஐப்பசி 12, புதன்

ஜன்னத் பேசினாள். மூன்று பேரும் புது ஊருக்குப் போய்விட்டார்களாம். போன உடனே சத்திரத்துக்காரி ஒருத்தி, நாலு பேர் வருவதாகக் கேள்விப்பட்டேன், இன்னொரு ஆள் எங்கே என்று கேட்டாளாம். விளையாட்டே மூன்று பதில் கொடுக்குமாம். செத்துவிட்டாள். தெரியாது. வாசலில் நிற்கிறாள். இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். குமரேசனுக்கு வாய் வரவில்லையாம். நிரோஜன்தான் சொன்னானாம், வாசலில் நிற்கிறாள் என்று. இனிமேல் அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

இதுவரை ஒன்றை நான் இங்கே எழுதவில்லை சுண்டு.

பெரியாஸ்பத்திரியில் உன்னைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்களே, அப்போது உனக்கு நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. நான் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடி வந்தேன். சுண்டு, சுண்டு என்று கூப்பிட்டேன். இங்கே பாருடி, அம்மாவைப் பாருடி என்றேன். உனக்குக் கேட்டது. கேட்டது என்று எனக்குத் தெரியும். நீ தலையைத் திருப்பவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு உன்னை நான் உயிரோடு பார்க்கவில்லை.

என்மேல் என்ன கோபமோ என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். மாவு அரைக்கும்போதும் அதுதான். படுக்கும்போதும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கும் கேட்டது. கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. விரலை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ எதைப் பிடித்துக்கொண்டிருந்தாய், சுண்டு?